சமைக்க நேரம் இருந்தும் ஏன் வாங்கிச் சாப்பிடுகிறோம்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்பது வயதில் ஒரு மகன். எங்கள் இருவருக்குமே சமைக்கத் தெரியும். விடுமுறை நாளில் ஒரு வாரத்துக்கான காய்கறியை வாங்கி வைக்கிறோம். முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் சமைப்போம். மூன்றாம் நாள் மாலையிலிருந்து வெளியில் ஆர்டர் செய்வது, இல்லாவிட்டால் உடனடி நூடுல்ஸ், அதுவும் இல்லையென்றால் உறையவைத்த பாக்கெட் உணவு. வாரக் கடைசியில் கீரையும் காயும் அழுகிக் குப்பைக்குப் போகின்றன. ஆர்டர் வந்துசேர 40 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் நாங்களே சமைத்திருக்கலாம். தெரிந்தும் ஏன் இப்படிச் செய்கிறோம்? இது சோம்பேறித்தனமா? பாக்கெட் உணவெல்லாம் கெடுதல்தானா? ஒரே நாளில் சமைத்து வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? மகன் வேறு நூடுல்ஸைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குழப்பத்துக்கான விடை அந்த 40 நிமிடக் கணக்கிலேயே இருக்கிறது. ஆர்டர் செய்தபின் கழியும் 40 நிமிடம் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம். சமையலுக்குப் போகும் 40 நிமிடம் நின்றுகொண்டு, நறுக்கிக்கொண்டு, தீயைக் கவனித்துக்கொண்டு கழிக்கும் நேரம். கடிகாரத்தில் இரண்டும் ஒன்று. களைத்துப்போன உடம்புக்கு ஒன்றல்ல. அதனால் ‘நேரம் இருந்தும் சமைக்கவில்லையே’ என்று உங்களை நீங்களே கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

தவிர, அந்த 40 நிமிடம் அடுப்படியில் நிற்கும் நேரம் மட்டும்தான். அதற்கு முன்னால் என்ன சமைப்பது என்று முடிவெடுக்க வேண்டும், வீட்டில் என்ன இருக்கிறது என்று துழாவ வேண்டும், இல்லாத ஒன்றுக்கு மாற்று யோசிக்க வேண்டும். பின்னால் பாத்திரம், அடுப்பு, மேடை என்று கழுவித் துடைக்கும் வேலை. ஒரு பொருளின் உண்மையான விலையில் அதற்கு நாம் செலவிடும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1965இல் எழுதினார். இரவுச் சாப்பாட்டை அப்படிக் கணக்கிட்டால் வீட்டுச் சமையலின் விலை நாம் நினைப்பதைவிடக் கூடுதல். பாக்கெட்காரரும் ஆர்டர் கடையும் விற்பது சாப்பாட்டை மட்டுமல்ல. முடிவெடுக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் சேர்த்து நம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுச் சமையல் தோற்பது பெரும்பாலும் அங்கேதான், ருசியில் அல்ல.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பாக்கெட் உணவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் சமைத்தால் ஒருநாள் உப்புக் கூடும், ஒருநாள் அடிப்பிடிக்கும், ஒருநாள் பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். பகல் முழுக்க வேலையில் சரி-தவறு பார்த்துவிட்டு வரும் ஒருவர், இரவிலும் அப்படியொரு தேர்வுக்கு உட்காராமல் உறுதியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மன உறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்; மாலை ஏழு மணி மன உறுதியை நம்பிப் போடும் திட்டம் எதுவும் மூன்றாம் நாளைத் தாண்டாது. உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

எந்தப் படியில் அறுந்துபோகிறது?

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். சமைக்காமல் விட்ட ஒவ்வொரு மாலையும், எந்த இடத்தில் கைவிட்டீர்கள் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் ஒரு வரி எழுதுங்கள். படிகள் ஐந்து: என்ன சமைப்பது என்ற முடிவு, பொருள் வீட்டில் இருப்பது, கழுவி நறுக்குவது, அடுப்பில் சமைப்பது, கழுவி வைப்பது. ‘களைப்பு’ என்று எழுதாதீர்கள், அது எல்லா நாளும் உண்டு. ‘கோழி இன்னும் உறைந்த நிலையில் இருந்தது’, ‘வெங்காயம் தீர்ந்துவிட்டது’, ‘நேற்றைய பாத்திரம் தொட்டியில் கிடந்தது’ என்று எழுதுங்கள்.

இதற்கு ஏன் ஒரு வாரம் என்றால், ஒவ்வொரு படிக்கும் மருந்து வேறு. பாத்திரம் கழுவுவதில் சலித்தவருக்குப் புதுச் சமையல் குறிப்பு கொடுத்துப் பயனில்லை. நறுக்குவதில் சலித்தவருக்கு, நறுக்கி விற்கும் காயோ உறையவைத்த காயோ வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அறுபடுவது முதல் படியில் என்று தோன்றுகிறது. காயை முதலில் வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்பதைத் தினமும் மாலையில் யோசிக்கிறீர்கள். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் என்ன சாப்பிடுவது, பிறகு கடை.

ஏழு நாளுக்கும் திட்டம் போட வேண்டாம். இப்போது இரண்டு நாள் சமைக்கிறீர்கள். அடுத்த மாதத்துக்கு நான்கு இரவு போதும். ஒரு இரவு மிச்சத்தைச் சூடுபடுத்துவது, ஒரு இரவு பாக்கெட் அல்லது ஆர்டர், ஒரு இரவு எப்படி வருகிறதோ அப்படி. காயும் நான்கு இரவுக்கு மட்டும். ஏழு நாளுக்கு வாங்கி நான்கு நாள் சமைத்தால் மூன்று நாள் காய் அழுகும்; இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. வீட்டுச் சமையல் மலிவு என்பதும் குப்பைக்குப் போவதைக் கழித்த பிறகுதான் உண்மையாகிறது.

வாங்கியதை எந்த வரிசையில் சமைப்பது என்பதும் முக்கியம். கீரை, காளான், வெள்ளரி போன்றவை முதல் இரண்டு நாள். காலிஃபிளவர், பீன்ஸ், குடைமிளகாய் அடுத்து. முட்டைக்கோஸ், கேரட், பூசணி, பீட்ரூட் ஆகியவை கடைசி. அவை பத்து நாள் வரைக்கும் பொறுக்கும். பலர் நீண்ட நாள் தாங்கும் கேரட்டை முதல் நாள் சமைத்துவிட்டுக் கீரையைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைப்பார்கள். கீரையைக் கழுவினால் ஈரத்தை முழுக்க வடித்து, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பையில் அடைத்தால் இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடும்; பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும். தனித்தனி அறையில் வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

சமைத்து வைப்பதா, பாதி வேலையை முடித்து வைப்பதா?

வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் சமைத்து டப்பாக்களில் அடுக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் காரணம் பாதுகாப்பு; அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது சலிப்பு: ஐந்தாம் நாள் அதே குழம்பைப் பார்த்ததும் கை தானாக ஃபோனுக்குப் போகும். அதற்குப் பதில் சமையலின் மெதுவான பகுதியை மட்டும் ஒருமுறை முடித்து வையுங்கள். எந்த ஊர்ச் சமையலானாலும் நேரத்தைத் தின்பவை மூன்று: வெங்காயம் வதங்குவது, பயறு வேகுவது, காய் நறுக்குவது.

வெங்காய-தக்காளி அடிப்படைக் கலவை இப்படி. 1 கிலோ வெங்காயம், 1 கிலோ தக்காளி, 50 கிராம் உரித்த பூண்டு, 80 மில்லி எண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு. வாய் அகன்ற, அடி கனமான பாத்திரம் வேண்டும். 28 முதல் 30 செ.மீ. அகலம். எண்ணெய் சூடானதும் வெங்காயத்தையும் உப்பையும் போட்டு, மூடாமல் நடுத்தரத் தீயில் 25 முதல் 30 நிமிடம், பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். பூண்டைச் சேர்த்து 2 நிமிடம். பிறகு தக்காளி, 20 முதல் 25 நிமிடத்தில் நீர் வற்றி ஓரத்தில் எண்ணெய் பிரியும். ஏறக்குறைய 1 கிலோ கிடைக்கும். ஆறாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும். அடுப்பில் இது ஐம்பது நிமிடத்துக்கு மேல் கிடந்தாலும், நீங்கள் கிளறுவது அவ்வப்போதுதான்.

இதில் தவறும் இடங்கள் இரண்டு. குறுகலான பாத்திரத்தில் குவித்துப் போட்டால் வெங்காயத்திலிருந்து வரும் நீர் ஆவியாக வழியில்லாமல் அது தன் நீரிலேயே வேகும். ஒரு மணி நேரமானாலும் நிறம் வராது. அடுத்தது, வெங்காயம் மெத்தென்று ஆகுமுன் தக்காளியைக் கொட்டுவது. தக்காளியின் புளிப்பு, காயின் செல் சுவரில் இருந்து அதை விறைப்பாக வைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைவதைத் தடுக்கும். அதன் பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெங்காயத் துண்டு கறுக்கென்றே நிற்கும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் கடைசியில் நேரத்தையும் இழக்கிறார்கள்.

ஆறியதும் இரண்டு பங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நான்கு பங்கை உறைபெட்டியில். பந்தாக உறையவைக்காதீர்கள், பையில் ஊற்றி ஒன்றரை செ.மீ. தடிமனில் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால், தேவைப்படும்போது உடைத்து நேராக வாணலியில் போடலாம், ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். கட்டியாக உறைந்தது இளக அரைமணி ஆகும். அந்த அரைமணி நேரத்தில்தான் ஆர்டர் போய்விடும். மேலே எண்ணெய் மிதந்தால் கெடாது என்று வெளியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில், புளிப்புக் குறைவான பூண்டிலும் வெங்காயத்திலும் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும்.

பயறு: 500 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை, ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்புக் கலந்த நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் 1.1 கிலோவுக்குக் குறையாமல் வரும். ஊறும் நீரில் உப்புப் போட்டால் வேகாது என்பார்கள். நேர்மாறாகத் தோல் மென்மையாகும். வேகாமல் அடம்பிடித்தால் காரணம் உப்பு அல்ல; கடலை பழையதாக இருக்கும், நீர் கடினமாக இருக்கும், அல்லது வேகுமுன்பே புளிப்பு ஏதாவது சேர்த்திருப்பீர்கள். 250 கிராம் அளவில் பிரித்து, வெந்த நீரையும் கொஞ்சம் ஊற்றி உறையவைக்கலாம். ராஜ்மாவைச் சமைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதில் இயல்பாகவே லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு முழுக்க வேகவைக்க வேண்டும். பிரஷர் குக்கர் போதும். கொதிநிலையை எட்டாத மெதுச்சூட்டுப் பானையில் (ஸ்லோ குக்கர்) பச்சை ராஜ்மாவைப் போடவே கூடாது. அரைவேக்காட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத வாரத்தில் டின்னில் வரும் கடலையை வாங்குங்கள், தவறே இல்லை. நீரை வடித்து ஒருமுறை அலசினால் அதிலுள்ள உப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இனி ஒரு சாதாரண மாலை எப்படி ஓடும் என்று பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், உடை மாற்றுமுன், அரிசியைக் களைந்து வைத்துவிடுங்கள். மூன்று பேருக்கு 225 முதல் 250 கிராம். இந்த ஒரு வேலையை முதலில் செய்வதுதான் திட்டத்தின் அச்சாணி. சோறு வேகத் தொடங்கிவிட்டால் ஆர்டர் செய்ய மனம் வராது. முகம் கழுவி வந்து, ஒரு பங்கு கலவையை வாணலியில் போட்டு, 100 மில்லி நீர் ஊற்றுங்கள். கொதித்ததும் அன்றைய பொருள்: 250 கிராம் வெந்த கடலை என்றால் 8 நிமிடம், முட்டை என்றால் ஐந்தை உடைத்து ஊற்றி, மூடி, சிறு தீயில் 6 அல்லது 7 நிமிடம், நறுக்கிய முட்டைக்கோஸும் உறையவைத்த பட்டாணியும் என்றால் 10 நிமிடம். மசாலாவை மட்டும் நாளுக்கு நாள் மாற்றுங்கள். ஒரே கலவைதான், ஆனால் மிளகு போட்ட நாளும் மிளகாய் போட்ட நாளும் தேங்காய்ப்பால் ஊற்றிய நாளும் ஒன்றாக இருக்காது. சோறு வெந்து இறங்குமுன் எல்லாம் முடிந்துவிடும். கழுவ வேண்டியது ஒரு வாணலி, ஒரு சோற்றுப் பாத்திரம், தட்டுகள்.

புதுச் சமையல் குறிப்புகளை விடுமுறை நாளுக்கு ஒதுக்குங்கள். வேலை நாள் இரவில் பதினான்கு பொருள் கேட்கும் குறிப்பைத் தொடங்கி நொந்துபோனவர்கள்தான் ‘எனக்குச் சமையல் ஒத்துவராது’ என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

கணவரும் சமைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேலையை நறுக்குவது, கிளறுவது என்று பிரிக்காமல் நாளாகப் பிரியுங்கள். ‘காய் நறுக்கித் தருகிறேன், என்ன சமைக்கலாம் சொல்’ என்பது உதவிதான்; ஆனால் அதிகம் களைப்பூட்டும் முதல் படி அப்போதும் ஒருவர் தலையிலேயே கிடக்கிறது. செவ்வாயும் வியாழனும் அவருடையது என்றால், என்ன சமைப்பது என்பதும், அதற்கு வேண்டியது வீட்டில் இருக்கிறதா என்பதும் அவர் பாடு. சமைக்காதவர் அன்று பாத்திரம் கழுவுவார். அவர் சமைக்கும் நாளில் நீங்கள் திருத்தம் சொல்லாமல் இருப்பது இதில் எழுதாத விதி.

எத்தனை நாள் வைக்கலாம்?

சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது பாக்டீரியா வேகமாகப் பெருகும். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, சமைத்ததை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த குழம்பும் காயும் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரி உறைபெட்டி. ஆகவே ஒரே நாளில் சமைத்து ஏழு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரியல்ல.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும்; அந்த வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கெட்ட வாடை வராமலேயே இது நடக்கலாம். மிஞ்சிய சோற்றைப் பானையோடு மூடி வைக்காமல், அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். மற்ற உணவையும் ஆழம் குறைந்த, 5 செ.மீ. உயரத்துக்கு மிகாத டப்பாக்களில் பிரித்து வைப்பதே நல்லது. பெரிய பானையை அப்படியே உள்ளே வைத்தால் அதன் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். பக்கத்தில் இருப்பதையும் சூடாக்கும். சூடுபடுத்தும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, உட்பகுதி 70 டிகிரியைத் தாண்டி ஆவி பறக்கும்வரை ஒருமுறை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் நடுவே நிறுத்திக் கிளற வேண்டும். ஓரம் கொதித்து நடு குளிர்ந்து கிடப்பது அதன் இயல்பு.

பாக்கெட் உணவைப் பற்றி

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உறையவைத்த பட்டாணி, அலசி நறுக்கிய காய், டின் கடலை, தக்காளி விழுது இவையெல்லாம் வேலையைக் குறைக்கும் பொருள்கள். சாப்பாட்டை நீங்கள்தான் அமைக்கிறீர்கள். உறையவைத்த காயை முதலில் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு, அதைக் கெடுக்கும் நொதிகளை முடக்கி, உடனே உறையவைக்கிறார்கள். ஒரு வாரமாக உங்கள் பெட்டியில் வாடிய ‘புதுக்’ காயைவிட அதில் சத்துக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மற்றொரு வகை, முழுச் சாப்பாடாகவே வருவது: உடனடி நூடுல்ஸ், பொரித்து உறையவைத்த துண்டுகள், சூடாக்கினால் போதும் என்ற தட்டுகள். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மோன்டெய்ரோ குழுவினர் உருவாக்கிய, உணவை எந்த அளவு பதப்படுத்தியது என்று பார்த்து நான்காகப் பிரிக்கும் நோவா வகைப்பாட்டில் இவற்றில் பெரும்பாலானவை நான்காவதான ‘மிகையாகப் பதப்படுத்தப்பட்டவை’ என்ற வகைக்குள் வரும்.

இரண்டாம் வகையில் என்ன சிக்கல் என்பதற்குத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒத்திருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு உண்ட நாள்களில் அவர்கள் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. இருபது பேர், குறுகிய காலம் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் ‘ஒரு பாக்கெட் போதவில்லை’ என்று உங்கள் வீட்டில் தோன்றினால் அதற்குப் பேராசை காரணமல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. பிரிட்டனில் அதைத் தாண்டினால் பாக்கெட்டின் முகப்பு அடையாளத்தில் உப்புக்குச் சிவப்பு. இரண்டாவது ‘ஒரு பரிமாறல்’ என்ற அளவு. ஒரு பாக்கெட்டை இரண்டரைப் பரிமாறல் என்று போட்டிருப்பார்கள். அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கான எண் சிறியதாகத் தெரியும். நீங்கள் உண்பதோ முழுப் பாக்கெட். மூன்றாவது, பொருள்பட்டியலின் வரிசை: எடை அதிகமுள்ளது முதலில் வரும். ‘காய்கறி’ என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டில் காய் ஏழாவது இடத்தில் இருந்தால் அது படத்துக்கு மட்டுமே.

வீட்டில் செய்வதெல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். எண்ணெயில் மூழ்கப் பொரித்து, அளந்து பாராமல் உப்பைக் கொட்டிச் செய்யும் வீட்டுச் சாப்பாட்டைவிட, சீட்டைப் படித்து வாங்கிய பாக்கெட் தேவலை.

மாதத்தில் சில இரவுகளில் கலவையும் இருக்காது, தெம்பும் இருக்காது. அதற்கு யோசிக்கத் தேவையில்லாத பத்து நிமிடச் சாப்பாடு ஒன்றை முன்பே தீர்மானித்து, அதற்குரிய பொருளை வேறெதற்கும் தொடாமல் வையுங்கள். ஆளுக்கு இரண்டு முட்டை, ரொட்டி, 100 கிராம் உறையவைத்த பட்டாணி, ஒரு பழம் என்றால் போதுமானது. அதுவும் முடியாத இரவில் நூடுல்ஸே இருக்கட்டும், ஆனால் மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுங்கள். உப்பில் பெரும்பகுதி அந்தப் பொட்டலத்தில்தான். கொதிக்கும்போது ஆளுக்கு ஒரு முட்டையும் 100 கிராம் உறையவைத்த காயும் சேருங்கள். ஒருவருக்கு ஒரு பாக்கெட் என்பதை இரண்டு பேருக்கு ஒன்று என்று அப்போது குறைக்க முடியும்.

மகனுக்கும் இதிலிருந்தே தொடங்குங்கள். நூடுல்ஸை ஒரேயடியாக நிறுத்தினால் அதன் மதிப்புத்தான் ஏறும். அவனுக்குப் பிடித்த அந்தக் கிண்ணத்தில் முதல் வாரம் பட்டாணி, அடுத்த வாரம் கேரட், பிறகு அதே காயைத் தட்டில் தனியாக ஒரு ஸ்பூன். புதிய ஒன்றைக் குழந்தை ஏற்க 8 முதல் 15 முறை வரை அதைப் பார்த்துச் சுவைத்துப் பழக வேண்டியிருக்கும். இரண்டு முறை மறுத்ததும் ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுவதே பெற்றோர் வழக்கம். தட்டில் அவனுக்குப் பழகிய ஒன்று கட்டாயம் இருக்கட்டும், புதியது ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். சாப்பிடு என்று வற்புறுத்தவும் வேண்டாம், சாப்பிட்டால் இனிப்பு என்று பேரம் பேசவும் வேண்டாம். வாரத்தில் ஒரு இரவு எதைச் சமைப்பது என்பதை, நீங்கள் சொல்லும் இரண்டில் ஒன்றாக, அவன் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்பது வயதில் அரிசி களையவும் பட்டாணியை அளந்து போடவும் முட்டையை உடைத்து ஊற்றவும் முடியும். கத்தியும் கொதிக்கும் பாத்திரமும் உங்கள் கண்முன் மட்டும்.